லிஸ்பனில் இறங்குவது எப்படி

போன மாதம், அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் போர்த்துகல் தலைநகர் லிஸ்பனுக்கு மூன்று நாள் போகப்போவதாகச் சொன்னான். எதை எதைப் பார்க்கலாம், எங்கே தங்கலாம் என்று கேட்டான். 2023 ஏப்ரலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது நான் போட்டு வைத்த எக்செல் தாள் இன்னும் இருந்தது. அதை அப்படியே அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "ரொம்ப உபயோகமா இருக்குக்கா. ஆனா கடைசிக் கட்டத்துல 'இறக்கம்'னு தலைப்புப் போட்டு ஒவ்வொரு இடத்துக்கும் ஏதோ எழுதி வச்சிருக்கீங்களே, அது என்ன?" இரண்டு வரியில் பதில் எழுதப் பார்த்தேன். வரவில்லை. அந்தக் கட்டம் எப்படி வந்தது என்று சொன்னால்தான் புரியும். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமும் உண்டு. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மா திண்டுக்கல்லில் முப்பத்து மூன்று வருடம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கரும்பலகைக்கு முன்னால் நின்றே கழித்த வேலை. ஓய்வு பெற்றபோது இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. அந்த வருடம் பிப்ரவரியில் என்னோடு இருக்க ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்திருந்தாள். தொண்ணூறு நாள் விசா. ஷெங்கன் விசாவாகவே இருந்ததால் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளில் எந்த ஊருக்கும் கூட்டிப் போகலாம். பாரிஸ் போகலாமா, ரோம் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் லிஸ்பன் என்றாள். "முப்பத்து மூணு வருசம் வாஸ்கோ ட காமா 1498ல கோழிக்கோட்டுல வந்து எறங்கினார்னு பாடம் நடத்தியிருக்கேன். அந்த ஆளு எங்கேர்ந்துதான் கெளம்பினான்னு பாத்துட்டு வந்துருவோம்." இதைவிட நல்ல காரணத்தோடு யாரும் சுற்றுலா போயிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

திட்டம் போடுவது எனக்குப் பிடித்த வேலை. பயணத்தைவிடப் பிடிக்கும் என்றுகூடச் சொல்லலாம். ராத்திரி சாப்பாடு முடிந்து, அம்மா சீரியல் பார்க்க உட்கார்ந்ததும் நான் மடிக்கணினியோடு உட்கார்ந்துவிடுவேன். மூன்று இரவு, இரண்டு முழு நாள், இரண்டு அரை நாள். ஒரு வாரத்தில் பட்டியலில் இருபத்தேழு இடம் சேர்ந்துவிட்டது. மஞ்சள் என்றால் கட்டாயம், பச்சை என்றால் நேரம் இருந்தால், நீலம் என்றால் மழை பெய்தால். ஒவ்வொன்றுக்கும் திறக்கும் நேரம், விடுமுறை நாள், முந்தைய இடத்திலிருந்து நடக்கும் நிமிடம். பெரும்பாலான அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால் திங்களை முழுக்கத் தெருவுக்கு ஒதுக்கினேன். அல்ஃபாமாவில் அறை போட்டேன். லிஸ்பனின் பழைய பகுதி அது. சந்துகளும் ஓட்டுக் கூரைகளும் ஜன்னலுக்கு ஜன்னல் கட்டிய துணிக்கொடிகளும். ஜன்னலைத் திறந்தால் தேஜோ ஆறு தெரியும் என்று படம் போட்டிருந்தார்கள். ஜன்னலைத்தான் பார்த்தேன், மூன்றாம் மாடி என்று கீழே எழுதியிருந்ததைப் பெரிதாக நினைக்கவில்லை.

லிஸ்பனைப் பற்றிப் படித்தால் எல்லோரும் முதலில் சொல்வது ஏழு குன்றுகள். அம்மாவின் முழங்கால் எனக்கு மறக்கவில்லை. அதற்குத்தான் வழி கண்டுபிடித்து வைத்திருந்தேனே! கீழே பைஷா பகுதியில் ஃபான்கெய்ரோஸ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் இலவச லிஃப்ட். அது மதலேனா தெருவில் விடும். அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் ஒரு சூப்பர்மார்க்கெட்டை ஒட்டிய கார் நிறுத்தக் கட்டடத்தில் இன்னொரு லிஃப்ட், அதுவும் இலவசம். அதில் ஏறி வெளியே வந்தால் குன்றின்மேல் இருக்கும் கோட்டைக்குக் கிட்டத்தில் நிற்போம். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் பெருமையில் அம்மாவை எழுப்பிச் சொல்லாத குறை. எந்தப் பயணக் குறிப்பைப் படித்தாலும் அடுத்த வரி ஒரே மாதிரி இருந்தது: லிஃப்டில் ஏறுங்கள், கோட்டையைப் பாருங்கள், அப்புறம் அல்ஃபாமா சந்துகள் வழியாக நிதானமாக ஆற்றுக்கு நடந்து இறங்குங்கள். காணொளியில் ஒரு பெண் கையில் ஐஸ்கிரீமோடு படிகளில் துள்ளித் துள்ளி இறங்கினாள். அதையும் அப்படியே தாளில் எழுதினேன். கோட்டையிலிருந்து ஆறு, நடை, இருபது நிமிடம். மஞ்சள்.

பதினோரு படி

ஸ்டுட்கார்ட்டும் ஒரு கிண்ணம் மாதிரியான ஊர்தான். நடுவில் பள்ளம், சுற்றிலும் மேடு. மேட்டில் முன்னொரு காலத்தில் திராட்சைத் தோட்டங்கள். தோட்ட வேலைக்காரர்கள் ஏறி இறங்கப் போட்ட கல்படிகள் இன்றும் ஊர் முழுக்க இருக்கின்றன, நானூற்றுக்கு மேல். உள்ளூரில் அவற்றை ஷ்டெஃபெலே என்பார்கள். ஒன்பது வருடமாக இருக்கிறேன், அவசரத்துக்கு ஓடி இறங்கியதைத் தவிர அந்தப் படிகளைக் கவனித்ததில்லை. லிஸ்பனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை பார்க்கலாமே என்று தோன்றியது. யூ 15 டிராமில் ஓய்கன்பிளாட்ஸ் வரை ஏறினோம். மேலே நீரூற்று, ஊர் முழுக்கத் தெரியும். வெயில் லேசாக அடித்ததால் ஆளுக்கொரு ஐஸ்கிரீம். சாப்பிட்டு முடித்ததும் அம்மா, "அதே டிராம்ல போயிருவோமா?" என்றாள். "டிராம் எதுக்கும்மா, ஏறினாத்தானே கஷ்டம். எறங்கத்தானே போறோம்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்ன தொனி இன்னும் காதில் இருக்கிறது.

அம்மா மறுக்கவில்லை. கைப்பையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டாள். இடது கையால் இரும்புக் கம்பியைப் பிடித்தாள். வலது காலைக் கீழே வைத்தாள். இடது காலைக் கொண்டுவந்து அதே படியில் வைத்தாள். நின்றாள். மறுபடி வலது கால். நாலாவது படியில் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டாள், கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, நண்டு இறங்குவதுபோல. முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்த எனக்கு அவள் முகம் நேராகத் தெரிந்தது. வகுப்பில் யாராவது பதில் தெரியாமல் நின்றால் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாளே, அந்த முகம். ஒரு பொடியன் இரண்டிரண்டு படியாகத் தாண்டி எங்களைக் கடந்து ஓடினான். பதினோராவது படியில் அம்மா கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்டு மூணு மாடியும் ஏறுறியேம்மா?"

"ஏறுறது பரவால்லடி. மூச்சு வாங்கும், ரெண்டு நிமிசம் நின்னாச் சரியாப் போயிரும். எறங்குறதுதான் உசுரு போகும்."

"சொல்லவேயில்லையே நீ."

"பழநியில நான் என்னைக்காச்சும் படியில எறங்கிப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. நான் கல்லூரியில் படித்த நாளிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது பழநி போயிருக்கிறோம். அம்மா யானைப்பாதையில் மெதுவாக நடந்தே ஏறிவிடுவாள். இறங்கும்போது மட்டும் விஞ்சுக்கு டிக்கெட் எடுப்பாள். ஊரே விஞ்சில் ஏறிப் படியில் இறங்கும், அம்மா தலைகீழ். அப்பாவும் நானும் படியில் ஓடி இறங்கி அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு காத்திருப்போம். "உங்கம்மாவுக்கு விஞ்சுன்னா சின்னப் பிள்ளை மாதிரி ஆசை" என்பார் அப்பா. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இத்தனை வருடத்துக்கு அப்புறம், ஜெர்மனியில் ஒரு கல்படியில் நின்றுகொண்டு, அது ஆசையில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. அம்மா வந்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் கீழே வர மாட்டாள். பூங்காவுக்குக் கூப்பிட்டாலும் "நீ போயிட்டு வா" என்பாள். குளிருக்குப் பயப்படுகிறாள் என்று ஊரில் போனில் கேட்பவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். இரண்டு தடிமனான ஸ்வெட்டர் வேறு வாங்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கு எப்படி வீட்டுக்கு வந்தோம் என்று கேட்டால், அந்தப் பதினோரு படியையும் திரும்ப ஏறித்தான். நிறுத்தி நிறுத்தி ஏறினாள், ஆனால் நேராக, படிக்கு ஒரு கால் வைத்து. மேலே போய் டிராம் பிடித்தோம்.

தாளைத் தலைகீழாகத் திருப்பியது

பிசியோதெரபி படித்த சிநேகிதியிடம் அன்று ராத்திரி கேட்டேன். ஏறும்போது நெஞ்சுதான் அதிகம் வேலை செய்கிறது. இறங்கும்போது உடம்பின் கனம் முழுவதையும் வளைந்த ஒற்றைக் காலில் தொடைத் தசை பிரேக் போட்டுப் பிடிக்க வேண்டும், அந்த அழுத்தம் முழங்கால் சில்லுக்குப் பின்னால் போய் விழும் என்றாள். தேய்ந்த மூட்டு உள்ளவர்கள் பலரும் முதலில் சொல்வது படி இறங்க முடியவில்லை என்பதைத்தானாம். சரி என்று தாளைத் திறந்தேன். இருபத்தேழு இடத்துக்கும் எப்படி ஏறுவது என்று எழுதியிருந்தது. எப்படி இறங்குவது என்று ஓரிடத்திலும் இல்லை. நடை, நடை, நடை. கடைசியில் ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்து இறக்கம் என்று தலைப்புப் போட்டேன்.

அதை நிரப்பத் தகவல் தேடினால்தான் தெரிகிறது, உலகத்தில் யாரும் இறங்குவதைப் பற்றி எழுதுவதில்லை. ஏற்றத்துக்கு ஆயிரம் யோசனை, குறுக்குவழி, ரகசிய லிஃப்ட். இறக்கம் தானாக நடக்கும் விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு இலவச லிஃப்டும் இறங்கவும் செய்யும் என்பது எனக்கே மறுநாள்தான் உறைத்தது. சிரிக்காதீர்கள். ஏற்றிய லிஃப்ட் இறக்கும் என்று ஒரு குறிப்பாவது சொல்லியிருக்கலாம்.

முதல் வேலையாக அல்ஃபாமா அறையை விட்டேன். நாற்பது யூரோ போயிற்று. அதற்குப் பதில் பைஷாவில், லிஃப்ட் இருக்கிற விடுதி. பைஷா என்றாலே தாழ்வான பகுதி என்று பொருள். இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஆற்றை நோக்கிப் போகும் சமதளம். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், காலையில் ஊரே தேவாலயங்களில் இருந்த நேரத்தில் நிலம் ஆடியது. அப்புறம் கடல் ஏறி வந்தது, அப்புறம் நாள்கணக்கில் தீ. அந்தத் தாழ்நிலம் அநேகமாக மிச்சமில்லை. அமைச்சராக இருந்த பொம்பாலின் பொறியாளர்கள் அந்த இடத்தில் பழைய சந்துகளை மறுபடி கட்டாமல், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேர்த்தெருக்களைப் போட்டார்கள். சுவருக்குள் மரச் சட்டங்களால் கூண்டு கட்டி, அடுத்த தடவை நிலம் ஆடினால் வீடும் சேர்ந்து ஆடித் தாங்கட்டும் என்று யோசித்தார்கள். தெருவுக்குத் தெரு தொழில்: பொன் தெரு, வெள்ளித் தெரு, சப்பாத்தெய்ரோஸ் தெரு என்றால் செருப்புத் தைப்பவர்கள். யாழ்ப்பாணத்து நண்பர்கள் சப்பாத்து என்று சொல்வது இதுதான் என்று அம்மாவிடம் சொன்னேன். ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் போர்த்துகீசியம் என்று அவளே பதிலுக்கு வரிசையாகச் சொன்னாள். டீச்சரிடம் போய்ச் சொல்கிறேன் பார். அல்ஃபாமா பாறைமேல் இருந்ததால் பெருமளவு தப்பித்துக்கொண்டது. அதனால் நிலநடுக்கம் விட்டுவைத்த லிஸ்பனில் அம்மாவால் நடக்க முடியாது, இடித்துத் தள்ளிய லிஸ்பனில் நடக்கலாம் என்று கணக்கு வந்தது.

அப்புறம் வெட்டும் வேலை. சிந்த்ரா அரண்மனைகள் போயின, ஒரு முழு நாளும் மலையும் என்பதால். பெலேம் கோபுரத்தின் உள்ளே போவது போயிற்று. மேலே போக ஒற்றை ஆள் அகலச் சுருள்படிதான், ஏறுபவரும் இறங்குபவரும் முட்டாமலிருக்க சிக்னல் விளக்கு வைத்திருக்கிறார்கள் என்று படித்தபோதே பேனாவை வைத்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் போதும். 28ஆம் எண் டிராம் எல்லோர் பட்டியலிலும் முதலில் இருப்பது. ஆனால் அதன் படி உயரம், கூட்டம் அதிகம், ஜேப்படிக்காரர்களுக்கும் பிடித்த வண்டி. புறப்படுமிடமான மார்டிம் மொனிஸில் காலை ஏழரைக்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு வைத்துக்கொண்டேன். கோட்டைக்கு ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 என்று ஒரு சின்ன பஸ் போகிறது. இறக்கம் கட்டத்தில் எழுதினேன்: அதே 737. இருபத்தேழு இடம் பதினொன்றாயிற்று. படிக்கணக்கும் பதினொன்று, இடமும் பதினொன்று என்று அம்மா சொன்னபோது சிரிப்பு வரவில்லை எனக்கு.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் அந்தக் கட்டத்தில் கிடைத்தது. பைஷாவின் நடுவில் சாந்த ஜுஸ்தா என்று ஒரு இரும்புத் தூக்கி நிற்கிறது. 1902இல் கட்டியது, நாற்பத்தைந்து மீட்டர் உயரம், உள்ளே மரப் பலகை அடித்த கூண்டு. அப்போதெல்லாம் கீழே எந்நேரமும் நீளமான வரிசை, ஏறுவதற்காக. மேலே ஒரு பாலம் அதைக் கார்மோ மடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இறங்கும் வரிசையில் ஆளே குறைவு. ஏனென்றால் எல்லோரும் நடந்து இறங்குகிறார்கள்! பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்துக்குள் கீழ்த்தெருவில் நுழைந்து, நகரும் படிகளில் ஏறினால் மேல்தெருவில் வெளியே வரலாம். அங்கிருந்து கார்மோவுக்குக் கொஞ்ச நடை. ஆக, ஏற்றத்துக்கு மெட்ரோ, இறக்கத்துக்கு சாந்த ஜுஸ்தா. 2023இல் ஏழு யூரோவுக்குள் ஒரு நாள் சீட்டு எடுத்தால் மெட்ரோ, பஸ், டிராம், இந்தத் தூக்கி எல்லாம் அதிலேயே அடங்கியிருந்தன. ஆளுக்கொரு அட்டை தனித்தனியாக வாங்க வேண்டும், ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. அதை மட்டும் மறந்துவிடாதே என்று கோயம்புத்தூர்ப் பையனுக்கும் எழுதினேன்.

அந்தத் தூக்கியைக் கட்டிய மெஸ்னியே து போன்சார் என்ற பொறியாளர்தான் ஊரின் சரிவு ரயில்களையும் அமைத்தவர். லாவ்ரா 1884, குளோரியா 1885, பீகா 1892. இரண்டு பெட்டி, ஒரு கம்பிவடம். ஒன்று இறங்கும் கனம் இன்னொன்றை ஏற்றும். படத்தைக் காட்டியதும் அம்மா, "இது நம்ம விஞ்சுல்ல" என்றாள். மேல்நகரிலிருந்து இறங்க என்று குளோரியாவை எங்கள் தாளில் போட்டிருந்தேன். கடைசியில் அன்றைக்கு மழை, அந்தப் பக்கம் போகவே இல்லை. 2025 செப்டம்பர் 3 சாயங்காலம் அந்தக் கம்பிவடம் விட்டுப்போய், குளோரியாவின் ஒரு பெட்டி சரிவில் கட்டுமீறி இறங்கிக் கட்டடத்தில் மோதியது. பதினாறு பேர் செத்துப்போனார்கள். செய்தி பார்த்துவிட்டு அம்மா திண்டுக்கல்லிலிருந்து கூப்பிட்டாள். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. தாளை அனுப்பும் முன் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

போனபோது

ரோசியு சதுக்கத்தின் தரையைப் பற்றி யாரும் எங்களை எச்சரிக்கவில்லை. வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லும் கறுப்புக் கல்லும் பதித்துப் பெரிய பெரிய அலைகளாகப் போட்ட தரை, பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலை. சமதளம்தான். ஆனால் கண்ணுக்கு ஏறி இறங்குகிறது. ஆங்கிலேய மாலுமிகள் அதைப் பார்த்து ஆடும் சதுக்கம் என்று பெயர் வைத்தார்களாம். அம்மா ஓரத்திலேயே நின்றுவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆற்றில் ஆழம் பார்ப்பதுபோல ஒரு காலை நீட்டித் தரையைத் தட்டிப் பார்த்தாள். தட்டை. இன்னொரு அலைமேல் தட்டினாள். அதுவும் தட்டை. "ஏமாத்துறானுங்க" என்று சொல்லிவிட்டுத் தைரியமாக நடந்தாள். இந்தக் கல்தரை மழை நனைந்தால் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும் என்பது இரண்டாம் நாள் தெரிந்தது. ரப்பர் அடிப்பாகம் போட்ட ஷூ வாங்கியது மட்டும்தான் என் திட்டத்தில் எல்லா நாளும் வேலை செய்த விஷயம்.

மற்றவை எல்லாம் கொஞ்சம் வேலை செய்தன, கொஞ்சம் சொதப்பின. ஒரு மெட்ரோ நிலையத்தில் நகரும் படி நகராமல் நின்றது. நல்லவேளை, ஏறும் பக்கம்தான். அம்மா நின்று நின்று ஏறினாள். 28ஆம் எண் டிராமுக்கு ஏழரைக்குப் போக முடியவில்லை. விடுதியின் காலைச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான், அம்மா காபி குடிக்காமல் எங்கும் வர மாட்டாள். சாந்த ஜுஸ்தா மட்டும் நினைத்தபடியே நடந்தது. கூரையில்லாத கார்மோ தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, வளைவுகள் மட்டும் ஆகாயத்தில் நிற்பதை அவள் கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்துவிட்டு, பாலத்தில் நடந்து வந்து கூண்டில் ஏறினோம். கதவு திறந்ததும் கீழே வெயிலில் ஐம்பது அறுபது பேர் நிற்கிறார்கள். அவர்களைத் தாண்டி அம்மா நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே.

பெலேம் ஆற்றங்கரை, ஒரே சமதளம். ஜெரோனிமோஸ் மடாலயத்தின் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1524இல் கொச்சியில் செத்து, அங்கே புதைத்து, அப்புறம் எலும்பை ஊருக்குக் கொண்டுவந்து, 1880இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா எதிரே பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தாள். "வருசா வருசம் ஒரு பிள்ளையாச்சும் கேக்கும். இவரு கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி இந்தியா எங்க டீச்சர் போயிருந்துச்சுன்னு. நான் என்ன பதில் சொல்ல?" இந்த மடாலயத்தைக் கட்ட, கிழக்கிலிருந்து வந்த வாசனைப் பொருள் வியாபாரத்தில் இருபதில் ஒரு பங்கு வரி போட்டார்கள் என்று சொன்னேன். தூணில் கயிறும் கொடியும் பவளமுமாகச் செதுக்கியிருந்ததை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "மிளகு நல்ல வெலைக்குப் போயிருக்கு" என்றாள்.

எனக்கென்று ரகசியமாக ஒரு ஆசை இருந்தது. 1554இல் லிஸ்பனில் தமிழ்ப் புத்தகம் ஒன்றை அச்சடித்தார்கள். எழுத்து ரோமன் எழுத்து, மொழி தமிழ், ஜெபங்களைச் சொல்லிக்கொடுக்கும் சின்னப் புத்தகம். தமிழ் அச்சில் ஏறியது முதலில் அங்கேதான். தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் வெளிவர 1578 ஆயிற்று. லிஸ்பன் புத்தகத்தின் பிரதி இருப்பது இதே மடாலயத்தின் இன்னொரு சிறகில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில். அதை 2022இலேயே புதுப்பிக்க மூடிவிட்டார்கள் என்பது வருமுன்பே தெரியும். இருந்தும் அந்தக் கதவுவரை போய் நின்றேன். கண்ணாடியில் என் முகமும் பின்னால் சாலையில் போகும் டிராமும் தெரிந்தன. அம்மா, "மூடியிருக்குன்னு தெரிஞ்சே வந்தியா?" என்று கேட்டுவிட்டு, முட்டைக்கூழ் வைத்த பெலேம் பலகாரம் வாங்க அழைத்துப்போனாள். 1837இலிருந்து அந்தக் கடை இருக்கிறது. முட்டை வாசம் அடிக்கிறது என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். நான் நாலு.

கடைசி நாள் சாயங்காலம் 737இல் கோட்டைக்கு ஏறினோம். மதில்மேல் போகவில்லை, மேடையில் பைன் மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆற்றையும் அதன்மேல் போகும் பாலத்தையும் பார்த்தோம். இறங்கும் பஸ்ஸில் போகாமல், சரிவு அதிகமில்லாத பாதையில் மெதுவாக போர்தஸ் து சோல் வரை வந்தோம். அல்ஃபாமாவைப் பார்க்கும் பெரிய திண்ணை அது. கப்பலைக் கையில் ஏந்திய புனித வின்சென்ட் சிலை, கீழே ஓட்டுக் கூரை, கூரைக்குக் கீழே கூரை, கடைசியில் ஆறு. அங்கிருந்து டிராமில் இறங்கிவிடலாம் என்பது தாளில் எழுதியிருந்தது. சுவரோரம் ஒரு படிக்கட்டு சந்துக்குள் இறங்கியது. ஆட்கள் அதற்குள் போய் மறைந்துகொண்டே இருந்தார்கள்.

"அங்க என்னடி இருக்கு?" என்றாள் அம்மா.

நான் எல்லா இறக்கத்துக்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். இறக்கத்தின் அடியில் இருப்பதைப் பார்க்க அவளுக்கு ஆசை வருமென்று நினைக்கவில்லை. பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் அவளை நிழலில் உட்கார வைத்து, வாட்ஸாப்பில் வீடியோ கால் போட்டு, போனை முன்னால் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினேன்.

"மெதுவாப் போ, ஆடுது" என்றது போன். "இடது பக்கம் காட்டு. அந்தக் கதவு எவ்வளவு குட்டையா இருக்கு பாரு. உள்ள என்ன, கடையா? வீடா? சரி போ. மேல காட்டு. துணி காயப் போட்டிருக்காங்க." சந்துக்குக் குறுக்கே கொடியில் விரிப்பு, கால்சட்டை, ஒரு கால்பந்துச் சட்டை. "கிளிப் போடவே இல்ல, காத்துல போயிரும். யாராச்சும் இருந்தாச் சொல்லு." யாரிடம் சொல்ல? ஒரு பாட்டி தள்ளுவண்டிப் பையைப் படிக்குப் படி தட் தட் என்று இறக்கிக்கொண்டு எதிர்ச்சுவரைப் பிடித்தபடி வந்தாள். பக்கவாட்டில், ஒரு படிக்கு இரண்டு கால். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அந்தம்மாவைக் காட்டாத, தப்பா நெனைக்கப் போறாங்க" என்றாள் அப்புறம். "பைய வாங்கி எறக்கிக் குடு." இறக்கிக் கொடுத்தேன். பாட்டி என்னவோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. "ஒப்ரிகாதான்னு சொல்றாங்க, நன்றின்னு அர்த்தம்" என்று மேலேயிருந்து விளக்கம் வந்தது. மூன்று நாளில் அதை மட்டும் கற்றுக்கொண்டிருந்தாள்.

சின்ன முற்றம் ஒன்றுவரை போய்த் திரும்பினேன். ஏறும்போது பேச முடியவில்லை, மூச்சு வாங்கியது. போனில் என் இரைப்பு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"என்னடி, ஏறுறதுக்கே இப்படியா?"

கடைசித் திருப்பத்தில் அவள் சிரிப்பு முதலில் மேலேயிருந்து கேட்டது. ஒரு நொடி கழித்து அதே சிரிப்பு என் கையில் கேட்டது.